பிற்பாதிக் கோபம்

மன்னிப்புக் கடிதம் எழுதுவதில் றவூப்பை மிஞ்ச 1974ஆம் ஆண்டில் பதுளைப் பட்டணத்தில் ஆள் கிடையாது. பஸாரில் குடைக் கடை வைத்திருந்தவர் அவர். கம்பி முறிந்த குடையோடு வருகிறவர்களை மர வாங்கில் உட்கார வைத்துவிட்டு, "உதைபந்தாட்டச் சங்கத் தலைவர் அவர்களுக்கு, மிகுந்த மனவருத்தத்துடன் எழுதிக்கொள்வது" என்று தொடங்கிவிடுவார். இப்போது எழுதிக்கொண்டிருந்தது ஆறாவது கடிதம். ஆறும் ஒரே ஆளுக்காக.

அந்த ஆள் இராசையா. கல்லுமலைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். சனிக்கிழமைகளில் பட்டணத்துக்கு இறங்கி வந்து, றவூப் செயலாளராக இருந்த இளம்பிறை விளையாட்டுக் கழகத்துக்கு ஆடுவான். முற்பாதியில் இரண்டு கோல் போடுவான். பிற்பாதி தொடங்கிப் பத்து நிமிடம் போனதும் எங்கிருந்தோ கோபம் வந்துவிடும். ஒரு தடவை பந்தைத் தூக்கி மைதான ஓரத்துக் கழிவுநீர்க் கானுக்குள் எறிந்தான். ஒரு தடவை மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். கடைசியாக ஆடிய அரையிறுதியில், ரெஃப்ரிக்குக் கண் தெரியாது என்று அவர் மூக்குக்கு நேரே நின்று சொன்னான்.

சிவப்பு அட்டையெல்லாம் இன்னும் மலையேறி வந்து சேராத காலம். ரெஃப்ரி விரலை நீட்டி "வெளியே!" என்பார். இராசையா சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவான். "என்ன ரோஷம் பாத்தீங்களா!" என்று ரசிகர்கள் மெய்சிலிர்ப்பார்கள்.

ஆனால் இந்த முறை சங்கம் மெய்சிலிர்க்கவில்லை. இராசையா இன்னொரு தடவை வெளியேற்றப்பட்டால் இளம்பிறைக் கழகத்துக்கே இரண்டு வருடம் தடை என்று பதில் வந்தது. செயலாளர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். றவூப் வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பந்தையும் ஏழு சோடிச் சப்பாத்தையும் வைத்துக்கொண்டு அவர் தொடங்கிய கழகம் அது. அது போய்விட்டால் தமக்கு மிஞ்சுவது ஓட்டைக் குடைகள் மட்டும்தான் என்று அவருக்குத் தெரியும்.

வருகிற சனிக்கிழமை பக்கத்து ஊர் ஹாலிஎல அணியோடு இறுதியாட்டம். இராசையாவை விட்டால் கோல் இல்லை. சேர்த்தால் கழகம் இல்லை.

கடை வாங்கில் வழக்கம்போல இரண்டு கட்சி கூடிவிட்டது.

"கோவம்தான் மச்சான் அவன்ட ஆட்டம்," என்றார் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை முஹம்மது. "அத எடுத்துப் போட்டா மிச்சம் எனத்த ஈக்கு? ரெண்டு காலும் ஒரு களிசானும்."

"ஒழுக்கம் இல்லாத ஆட்டம் எனத்துக்கு?" என்றார் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஸஹாப்தீன். "முத்திர ஒட்டாத கடிதம் மாதிரி அது. எங்க போய்ச் சேரும் எண்டே தெரியாது."

"சரி, ஆனா எனத்துக்கு எப்பவும் பிற்பாதியில மட்டும் வருது?" என்று றவூப் கேட்டார்.

இரண்டு கட்சியும் வைத்தியத்தில் இறங்கின.

"சூடு," என்றார் ஸஹாப்தீன். "ஓடி ஓடி ரத்தம் கொதிக்கிது. பாதி ஆட்டத்தில தலைக்கு ஏறுது."

"பசி," என்றார் முஹம்மது. "பசிச்சா நான் பொஞ்சாதிக்கே ஏசுவேன்."

சூடும் பசியும் சேர்ந்த கோபம் என்று முடிவாயிற்று. மூன்று வருடத்தில் அந்த வாங்கில் ஏகமனதாக எடுக்கப்பட்ட முதல் முடிவு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வந்த இராசையாவை றவூப் கடைக்குள் இழுத்து உட்கார வைத்தார். ஆள் பச்சைத் தண்ணீர் மாதிரி. தேத்தண்ணிக் கோப்பையைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பான்.

"இராசையா, ஒனக்கு எனத்துக்கு இவ்வளவு கோவம்?"

"கோவமா? எனக்குங்களா?" அவன் நெளிந்தான். "அது அந்த நேரத்துக்கு வந்துருதுங்க மொதலாளி."

"சனிக்கிழம வரப்பொடாது. வந்தா கழகமே இல்ல. நான் கையெழுத்து வச்சீக்கிறேன்."

இராசையா பதறிப்போனான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "மேட்ச மூணு மணிக்கே ஆரம்பிச்சா ஆகாதுங்களா?" என்று கேட்டான்.

"அஸர் தொழுதுட்டுத்தானே எங்கட பொடியன்மார் எறங்குவாங்க. எண்டைக்கும் நாலு மணி தானே."

"ஐயையோ, ஆமாங்க. தொழுகைய விட முடியுங்களா," என்று அவன் உடனே ஒப்புக்கொண்டான். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

அவன் போனதும் ஸஹாப்தீன் குனிந்து, "பாத்தீங்களா அவசரத்த? கோவக்காரனுக்கு அதுதான் மொத அடையாளம்," என்றார்.

றவூப் வேலையில் இறங்கினார். முதலில் சூடும் பசியும். சனிக்கிழமை மத்தியானம் இராசையாவை வீட்டுக்கு வரவழைத்தார். அவர் மனைவி லரீபா ஒரு சட்டி எருமைத் தயிர், வெந்தயக் கஞ்சி, சோறு, இரண்டு செவ்விளநீர் என்று வரிசையாக வைத்தாள். இராசையா மறுக்கத் தெரியாதவன். எல்லாவற்றையும் சாப்பிட்டான். அதற்கு மேல் பள்ளிவாசல் லெப்பை ஓதித் தந்த தண்ணீர் ஒரு கிளாஸ். அதுவும் போதாமல் றவூப் காலையிலேயே கோயில் வாசலில் நின்று, போகிற ஒரு அம்மாவிடம் கேட்டு வாங்கிய திருநீற்றைப் பொட்டலத்திலிருந்து எடுத்து அவன் நெற்றியில் பூசினார். எந்தப் பக்கமும் குறை வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அடுத்தது எதிரணி. ஹாலிஎல அணியின் செயலாளர் புவாத், லரீபாவின் சொந்தத் தம்பி. இராசையாவைச் சீண்டி வெளியேற்றுவது எப்படி என்று அவன் ஒரு கிழமையாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். லரீபா அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"தம்பி, ஒன்ட ஆக்கள் அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த ஏசினாலும், பெருநாளைக்கு இந்த வீட்டு வட்டிலப்பம் ஒனக்கு இல்ல."

"தாத்தா, இது பைனல்!" என்று புவாத் அக்காவிடம் மன்றாடினான்.

"வட்டிலப்பமும் பைனல்தான்."

தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து லரீபா அவிக்கும் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், புவாத்துக்கு வேறு வழியே இல்லை. தன் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, இராசையாவை மாப்பிள்ளை மாதிரி நடத்தும்படி சொல்லிவிட்டான்.

கடைசியாக ரெஃப்ரி. அப்புத்தளையிலிருந்து வந்திருந்த மனுஷன், குளிர்காற்றில் காது குத்துகிறது என்று ஒரு சொல் சொன்னார். அவ்வளவுதான். றவூப் கடைக்கு ஓடி, காதை மூடுகிற கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்துவந்து அவர் தலையில் தாமே மாட்டிவிட்டார். இது இலஞ்சமல்ல, வைத்தியம் என்று மனச்சாட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார். இரண்டு காதுக்குள்ளும் பஞ்சு வைத்தது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது.

தயிர் தன் வேலையைக் காட்டியது. இராசையா ஓடவில்லை, மிதந்தான். பந்து வந்தால் அதைப் பார்த்தான். பந்து போனால் அதையும் பார்த்தான். ஒரு தடவை கோலுக்கு முன்னால் நின்று நீளமாக ஏப்பம் விட்டான். முற்பாதி முடிந்தபோது ஹாலிஎலவுக்கு ஒரு கோல். இளம்பிறைக்கு ஒன்றுமில்லை.

"நான் சொன்னேனே!" என்று முஹம்மது கத்தினார். "கோவத்த அணைச்சிட்டீங்க. இப்ப அடுப்புல வெறும் சாம்பல்தான் ஈக்கு!"

"மனுசன் ஒழுக்கமா ஆடுறான்," என்றார் ஸஹாப்தீன். அவர் குரலிலும் பலம் இல்லை.

பிற்பாதி தொடங்கியது. பத்து நிமிடம் போனது. இராசையா சாய்கிற வெயிலைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற ஹாலிஎல ஆட்டக்காரனைப் பார்த்தான்.

"வருது!" என்று றவூப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

இராசையா அவனை வேண்டுமென்றே இடித்தான். அவன் விழுந்து எழுந்து, "மன்னிச்சுக்கோங்க அண்ணே, ஒங்களுக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டு இராசையாவின் முழங்காலைத் தட்டிவிட்டான்.

"ஏன்டா என்னைய இடிச்ச?"

"தெரியாமப் பட்டுட்டு அண்ணே."

"நீயெல்லாம் ஒரு ஆட்டக்காரனாடா?"

"இல்லண்ணே. ஒங்களுக்கிட்ட படிக்கத்தான் வந்தேன்."

இராசையா திகைத்துப்போனான். ரெஃப்ரியிடம் ஓடினான். ஆறு ஆட்டத்தில் சேர்த்து வைத்த வசைகளையெல்லாம் ஒன்று விடாமல் அவர் முகத்துக்கு நேரே கொட்டினான். ரெஃப்ரி, காதில் பஞ்சோடும் தலையில் தொப்பியோடும், சிரித்துத் தலையசைத்தார். "நல்லது, நல்லது, ஆடுங்க," என்று முதுகில் தட்டியும் கொடுத்தார்.

இராசையா பந்தைக் கானுக்குள் எறிந்தான். றவூப் முன்கூட்டியே கான் ஓரத்தில் நிறுத்தியிருந்த ரசிகர்கள் அதை நிலத்தில் விழ விடாமல் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். மூலைக் கொடியைப் பிடுங்கப் போனான். றவூப் ஏற்பாடு செய்திருந்தபடி அவனுடைய அணிக்காரர்களே இரண்டு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேரும் கட்டிப்பிடித்தபடி நின்ற நேரத்தில் ஹாலிஎல இரண்டாவது கோலைப் போட்டது.

"பொறும! பொறும!" என்று ரசிகர்கள் கூட்டமாகக் கத்தினார்கள். றவூப் சொல்லிக்கொடுத்ததுதான்.

இராசையா மைதானத்தின் நடுவில் பந்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். ரெஃப்ரி தசைப்பிடிப்பு என்று நினைத்துக் கையைக் காட்டினார். றவூப் எண்ணெய்ப் போத்தலோடு ஓடி அவன் கெண்டைக்காலைத் தேய்த்தார்.

"மொதலாளி, என்னைய வெளிய போகச் சொல்லுங்க," என்றான் இராசையா அழாக்குறையாக. "ஒங்க கால்ல விழுறேன்."

"விட மாட்டேன்டா," என்றார் றவூப். அவருக்கும் கண் கலங்கியது. "ஒன்ட கோவத்துக்கிட்ட ஒன்ன விட்டுட்டுப் போக மாட்டேன்."

இராசையா அவரையே பார்த்தான். பிறகு மீண்டும் வெயிலைப் பார்த்தான். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அவன் மெல்ல எழுந்தான். முகம் கறுத்து, காது சிவந்து, நெற்றித் திருநீறு வியர்வையில் வழிந்து ஓட, அவன் நின்ற நிற்பைப் பார்த்து றவூப் எண்ணெய்ப் போத்தலை விட்டுவிட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடினார்.

பதுளை அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன் கண்டதில்லை. இராசையா யாருக்கும் ஏசவில்லை, யாரையும் இடிக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு பந்தை மட்டும் உதைத்தான். முதல் கோலில் வலை கிழிந்தது. இரண்டாவதில் ஹாலிஎல கோல் காப்பாளர் பந்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மூன்றாவதை அவன் பாதி மைதானத்திலிருந்து அடித்தான். அடித்துவிட்டு அது உள்ளே போகிறதா என்று பார்க்கக்கூட இல்லை. கடைசி விசில் ஒலித்தது. மூன்றுக்கு இரண்டு.

ஸஹாப்தீனும் முஹம்மதும் மூன்று வருடப் பகையை மறந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"ஒழுக்கம்!" என்றார் ஒருவர்.

"கோவம்!" என்றார் மற்றவர்.

இரண்டு பேருமே தாம் ஜெயித்ததாக நம்பினார்கள். றவூப் புல்லில் உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி அழுதார். கழகம் பிழைத்துவிட்டது.

இராசையா சட்டையை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான். யார் விட்டார்கள்? தோளில் தூக்கிவிட்டார்கள்.

"எறக்கி விடுங்க மொதலாளி! நான் போகணுங்க!"

"வெக்கப்படுறான்!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

மஃரிப் தொழப் போகிறவர்கள் போய்த் தொழுதுவிட்டு வந்து சேரும் வரைக்கும் மற்றவர்கள் அவனைக் கீழே விடவில்லை. பஸாரை ஒரு சுற்று, பிறகு திரும்பவும் ஒரு சுற்று. தேத்தண்ணிக் கடையில் மாலை, பூக்கடையில் இன்னொரு மாலை. ஊர்வலம் கடைசியில் பஸ் நிலையத்தில் வந்து நின்றது. பேச்சுக்கு இடம் அங்கேதான் இருந்தது. ஒரு பஸ்கூட நிற்கவில்லை.

றவூப் ஒரு பெட்டியின் மேல் ஏறினார்.

"சகோதரர்களே! இந்த மனுசன்ட கோவத்த நாங்க தடியால அடக்கல்ல, தடையால அடக்கல்ல. அன்பால அடக்கினோம். ஆறு கடிதம் எழுதினேன். ஏழாவது எழுத மாட்டேன். இனி ஒவ்வொரு மேட்சும் இப்பிடித்தான், கடைசி விசில் வரைக்கும் இராசையா மைதானத்திலதான் ஈப்பான்!"

கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. இரண்டு மாலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த இராசையாவின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. திருந்திய மனம் என்று ஸஹாப்தீன் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

அப்போது பஸ் நிலைய டைம் கீப்பர் தம் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மாலையும் கழுத்துமாக இருந்தவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இராசையா, இன்னைக்கு ரெஃப்ரி ஒன்னைய வெளிய போடலையா? வழக்கம்போல சட்டையத் தூக்கிக்கிட்டு ஓடி வருவேன்னு, கல்லுமலைக் கடைசி பஸ்ஸப் பத்து நிமிஷம் நிப்பாட்டி வச்சிருந்தேனே!"