அம்மாவின் காதில் என் நேர்காணல்

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னிடம் யார் எந்தக் கேள்வி கேட்டாலும், அதற்குப் பதில் சொல்லும் உரிமை என் அம்மாவுக்கே உண்டு. கிளினிக்கில் டாக்டர் என்னைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால், அம்மா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். கல்யாண வீட்டில் யாராவது என் கன்னத்தைக் கிள்ளி என்ன படிக்கிறாய் என்று கேட்டால், கன்னம் மட்டும்தான் என்னுடையது, பதில் அம்மாவுடையது. பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துப் பட்டம் வாங்கி வந்த பிறகும் இது மாறவில்லை. ("பட்டம் வாங்கிட்டா பேச்சு வந்துருமா?" என்பது அம்மாவின் வாதம்.)

இன்னொரு உண்மை, எனக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டின் ஒன்பதாவது மாடியில் யார் வீட்டு வைஃபை படுத்தாலும், யார் கைப்பேசி திணறினாலும் நான்தான் போய் நிற்பேன். கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் கொஞ்சம் சீக்கிரமாகவே போவேன்.

பட்டம் வாங்கி ஏழு மாதமாகியும் வேலை கிடைக்கவில்லை. எட்டாவது மாதம் பாயான் பாருவிலிருந்து ஒரு தொழிற்சாலை அழைத்தது. பழுதாகித் திரும்பி வரும் புளூடூத் கருவிகளைப் பிரித்துப் பார்த்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் பிரிவு. எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்து உருவாக்கிய வேலை மாதிரி இருந்தது. நேர்காணல் இணையத்தில், புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அது கிடைக்காவிட்டால் சிங்கப்பூர்தான். அங்கே அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஏதோ ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார், அந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, "போயேன் லா. சிங்கப்பூர் என்ன நிலாவுலயா இருக்கு?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். இவ்வளவு சுலபமாகக் கைகழுவுகிறாரே என்று எனக்குச் சின்னதாக ஒரு வருத்தம்.

நேர்காணலுக்காக மலிவு விலையில் ஒயர் இல்லாத ஹெட்போன் ஒன்று வாங்கினேன். இரண்டாக எடுத்தால் இன்னும் மலிவு என்றார்கள், அதனால் அம்மாவுக்கும் ஒன்று. அம்மா தினமும் காலையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் சித்தியோடு பேசிக்கொண்டேதான் சமைப்பார். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கி இடுக்கி, சித்தி லைனில் இல்லாதபோதும் கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது.

நேர்காணலுக்கு முதல் நாள் சாயங்காலம் கூடத்தில் திறப்பு விழா. கையேட்டை ஓரமாக வைத்தேன். (கையேடு படிப்பது அனுபவமில்லாதவர்களின் பழக்கம்.) இரண்டையும் என் மடிக்கணினியில் இணைத்துத் தரப் பரிசோதனை செய்தேன். பிறகு அம்மாவுடையதை அவர் கைப்பேசியோடு இணைத்துக் கொடுத்துவிட்டு வகுப்பெடுத்தேன். "நீல லைட் மினுக்கினா இன்னும் தேடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். மினுக்காம நின்னு எரிஞ்சா கனெக்ட் ஆயிருச்சு." அம்மாவை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதி வேறு அதில் இருந்தது. அதற்காகவே அதை வாங்கியிருந்தேன்.

மடிக்கணினியின் பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில் வந்தன. ஸ்டார்பாஸ் 99. அதற்குக் கீழே, ஸ்டார்பாஸ் 99. பிறை என்ற ஊரில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் ஒரே பேரா இருக்கே, குழம்பாதா?"

"ஸ்மார்ட் கருவிப்பா. அதுவா கண்டுபிடிச்சுக்கும்."

(கண்டுபிடித்தது. அம்மாவைக் கண்டுபிடித்தது.)

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பத்து மணிக்குக் கதவைச் சாத்துவேன். யாரும் தட்டக் கூடாது, வீடே பற்றி எரிந்தாலும் நான் வெளியே வந்த பிறகு சொன்னால் போதும். அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு, புது ஹெட்போனை மாட்டிக்கொண்டு சித்தியை அழைத்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மேலே கறுப்புக் கோட்டு, கீழே அம்மாவின் பூப்போட்ட பத்தேக் கைலி. (கேமராவுக்கு இடுப்புக்குக் கீழே என்ன தெரியப்போகிறது?) பட்டியலில் மேலே இருந்த ஸ்டார்பாஸைச் சொடுக்கினேன். இணைந்துவிட்டது என்றது மடிக்கணினி. என் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

திரையில் இரண்டு முகங்கள். பிரிவுத் தலைவர் மிஸ்டர் லிம், மனிதவளப் பிரிவிலிருந்து கஸ்தூரி என்ற அம்மையார். லிம்மின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

கோளாறு கண்டுபிடிக்கும் வேலைக்கு வந்தவள், முதல் வரியிலேயே எனக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? உதட்டைப் பார்த்து, காலை வணக்கம்தான் சொல்லியிருப்பார் என்று முடிவுகட்டிப் பதில் வணக்கம் சொன்னேன். மறுபடி உதடு அசைந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான் எல்லா நேர்காணலிலும் முதல் கேள்வி, எனவே கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்த இரண்டு நிமிட உரையை அப்படியே ஒப்பித்தேன். பேசிக்கொண்டே சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. முடியை ஒதுக்குவதுபோல இன்னொரு பொத்தானை மூன்று முறை தட்டினேன். ஒன்றுமில்லை. இடையிடையே தலையாட்டினேன். நேர்காணல் செய்பவர் பேசும்போது நம்பிக்கையோடு தலையாட்ட வேண்டும் என்று ஒரு காணொலியில் பார்த்திருந்தேன்.

கஸ்தூரி முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார். என் உரை எடுபடுகிறது என்று நினைத்தேன். லிம் கேமராவை நோக்கிக் குனிந்து, தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையசைத்தார். நட்பான மனிதர் என்று நானும் கையசைத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கதவைத் தாண்டி வந்தது. வார்த்தை புரியவில்லை, உற்சாகம் மட்டும் புரிந்தது. மகளின் வாழ்க்கையே ஊசலாடும்போது சித்தியிடம் என்ன இவ்வளவு கதை என்று எரிச்சல் வந்தது. முகத்தில் புன்னகையை வைத்துக்கொண்டு மேசைக்கடியில் வாட்ஸ்அப்பில் தட்டினேன்: "மெதுவாப் பேசுங்கம்மா. இண்டர்வியூ நடக்குது."

அரை நிமிடத்தில் பதில் வந்தது.

"தெரியும். நான்தானே பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இரண்டு முறை படித்தேன். பிறகு திரையின் மூலையில் இருந்த என் சின்னப் படத்தைப் பார்த்தேன். என் இடது காதில் ஒரு நீல விளக்கு, மினுக், மினுக், மினுக் என்று மினுக்கிக்கொண்டிருந்தது. மினுக்கினால் என்ன அர்த்தம் என்று முந்தைய நாள் ஒருத்தி தன் அம்மாவை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்திருந்தாள்.

எழுந்து ஓடினேன். (கைலி என்பது அந்த நொடியில் எனக்கு நினைவில்லை. அவர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது.) சமையலறையில் அம்மா எனக்கு முதுகைக் காட்டி நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"ஒரு நிமிஷம்மா, அவளே வந்துட்டா. குடுக்கட்டுமா?" என்று காற்றில் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, லைனில் இருக்கும் சித்தியைக் கொடுப்பதுபோல என்னிடம் நீட்டினார்.

அதில் தேங்காயும் கறிவேப்பிலையும் மணந்தன. மாட்டிக்கொண்டேன். நேர்காணல் தொடங்கிய பதினோராவது நிமிடத்தில் எனக்கு முதல்முறையாகச் சத்தம் கேட்டது. கஸ்தூரியின் குரல்.

"வாம்மா தர்ஷினி, போய் உக்காரு. அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க."

நாற்காலியில் வந்து விழுந்தேன். சிங்கப்பூருக்கு எந்தப் பெட்டியை எடுத்துப் போவது என்று மனம் யோசிக்கத் தொடங்கிவிட்டது. லிம் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். உன் காதில் விளக்கு மினுக்குவதை முதல் நிமிடத்திலேயே பார்த்துவிட்டேன், சைகையும் காட்டினேன், நீ டாட்டா காட்டினாய் என்றார். எங்கள் பிரிவில் தினமும் இந்த வேலைதான், இப்போது நீயே சொல், கோளாறு எங்கே, எப்படி வந்தது?

மனப்பாடம் செய்த எதுவும் அதற்கு உதவவில்லை. உள்ளதைச் சொன்னேன். இரண்டு ஹெட்போனையும் என் மடிக்கணினியில் இணைத்தேன். சோதனை முடிந்ததும் அம்மாவுடையதைப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும், நீக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர், மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. காலையில் நான் சொடுக்கியது அம்மாவுடையதை. இரண்டு கருவிகளோடு இணையும் வசதி இருந்ததால் அது அவர் கைப்பேசியையும் விடாமல் என் மடிக்கணினியையும் பிடித்துக்கொண்டது. கையேட்டைப் படிக்கவில்லை. அப்பா எச்சரித்தார், சிரித்தேன்.

"அப்படியானால் கருவியில் கோளாறு இல்லையா?" என்று கேட்டார் லிம்.

"இல்லை, பயன்படுத்தியவரிடம்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்டது, ஏனென்றால் அது சரியான ஹெட்போன்.

நடந்ததை அன்று மதியம் அம்மாவிடம் விசாரித்தேன். பேசிக்கொண்டிருந்த சித்தி திடீரென்று காணாமல் போய், ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் உன்னைப் பற்றிச் சொல் என்றதாம். அம்மா காத்திருந்தாராம், நான் பதிலே சொல்லவில்லையாம். "பெரிய மனுசங்க கேக்கறாங்க, வாயத் தொறக்காம இருந்தா என்ன வளத்துருக்காங்கன்னு நினைக்க மாட்டாங்களா?" ஆங்கிலத்தில் தொடங்கியிருக்கிறார், கஸ்தூரி சிரித்த சிரிப்பிலேயே தமிழர் என்று கண்டுபிடித்துத் தமிழுக்கு வந்துவிட்டிருக்கிறார். மகளைக் கூப்பிடுங்கள் என்று கஸ்தூரி கெஞ்சியதற்கு, "கதவத் தட்டக் கூடாதுன்னு சொல்லிருக்கா, இண்டர்வியூ நடக்குது" என்று மறுத்திருக்கிறார். பிறகு கஸ்தூரியின் ஊர் சுங்கை பட்டாணி என்று தெரிந்து, அங்கே எங்கள் சொந்தக்காரர் யார் யார் என்று பட்டியல் போட்டிருக்கிறார்.

மீதியைக் கஸ்தூரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், வேலையில் சேர்ந்த முதல் நாள், தொழிற்சாலைக் கேண்டீனில். ஆமாம், வேலை கிடைத்துவிட்டது. என் பலவீனம் என்ன என்று ஒரு வேடிக்கைக்காகக் கேட்டாராம். "காலைல எழும்ப மாட்டா. ஆனா நான் எழுப்பிருவேன், அந்தக் கவல உங்களுக்கு வேணாம்." திரையில் நான் பலமாகத் தலையாட்டினேனாம். பலம்? "எதக் குடுத்தாலும் கழட்டிருவா. திரும்ப மாட்டறதுக்குத்தான் கொஞ்சம் டைம் எடுப்பா." அதற்கும் ஆட்டினேனாம். லிம்முக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லிச் சொல்லி, சிரிப்பில் தன் கண் மை கலைந்துவிட்டது என்றார்.

"கடைசியா, ஏன் எங்க கம்பெனிக்கு வரணும்னு கேட்டேன்" என்று கரண்டியைக் கீழே வைத்தார் கஸ்தூரி. "தேங்கா துருவற சத்தம் நின்னு போச்சு. அப்புறம் அம்மா சொன்னாங்க, 'உங்க கம்பெனி கிட்டக்க இருக்கும்மா. சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவா. இல்லன்னா சிங்கப்பூர் போயிருவா. போடின்னு நானேதான் சொன்னேன். ஆனா பிள்ளைய வாரத்துக்கு ஒருவாட்டி போன்ல பாக்கறதுக்கு எனக்கு மனசு இல்ல.'"

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கும் நீ தலையாட்டுன" என்றார் கஸ்தூரி. "அது ஒண்ணுக்கு மட்டும் சரியா ஆட்டுன."

இப்போது இரண்டு ஹெட்போனுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. கையேட்டையும் படித்துவிட்டேன், மூன்றாம் பக்கத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது. அம்மாவின் கழுத்து நிமிர்ந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டு நான் காதில் வாங்காவிட்டால், அப்பா தன் காதைத் தொட்டுக் காட்டி, "லைட் மினுக்குது" என்கிறார். சித்தி வீட்டிலும் அது பரவிவிட்டது. ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் முதல் கேள்விக்கு நான் ஒரு நொடி தயங்கியதும், அம்மா லைனில் இருக்கிறாரா என்று லிம் அக்கறையாக விசாரித்தார்.

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். ஓர் அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, இப்போது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். வாயைத் திறந்தேன்.

"பாயான் பாருல" என்றார் அம்மா, சேலையைச் சரிசெய்துகொண்டே. "கோளாறு கண்டுபிடிக்கற பிரிவு. நாங்க சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு."