சும்மா நின்ற பூ

"இந்தப் பூ சும்மாதான் நிக்குதா?"

முதலாளி இவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கித் தேயும்வரை அறையில் யாரும் நிமிரவில்லை.

ஒசாகாவின் அந்த விளையாட்டுப் பொருள் கம்பெனியில் அதுதான் வழக்கம். முதலாளி உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து, இடுப்பை மடித்துக் குனிந்து நிற்க வேண்டும். அவர் போன பிறகுதான் நிமிரலாம். அதனால் அங்கே பலருக்கு முதலாளியின் முகத்தைவிடக் கால் நன்றாகத் தெரியும். இரண்டு காலிலும் வேறு வேறு நிறத்தில் சாக்ஸ் இருந்தால் காலையில் வீட்டில் சண்டை என்று அர்த்தம். இன்னொரு வழக்கமும் உண்டு. முதலாளி எதையாவது சொன்னால், "என்ன சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்கக் கூடாது. புரிந்துகொள்ள வேண்டும்.

குவாபராவுக்குப் புரியவில்லை. பூ சும்மா நிற்காமல் வேறு என்னதான் செய்யும்?

அவன் அங்கே பின்னணி வரைபவன். தாவித் தாவி ஓடும் வீடியோ விளையாட்டுகளில் வானம், மேகம், புல், மலை, எல்லாம் அவன் கைவண்ணம். இப்போது முடியும் தறுவாயில் இருந்த விளையாட்டில் ஒரு தவளைச் சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடிப்போய் முள்ளங்கி ராஜாவைப் பிடிக்க வேண்டும். போகிற வழியில், முதல் கட்டத்திலேயே, ஒரு மஞ்சள் பூ. டிவியின் தலைமேல் கிடந்த குப்பையில், பிரித்த பிஸ்கட் பொட்டலத்துக்கும் சாம்பல் கிண்ணத்துக்கும் நடுவே, கம்பெனி எப்போதோ விற்ற பிளாஸ்டிக் பூ ஒன்று தொட்டியோடு நின்றது. அதைப் பார்த்துத்தான் வரைந்தான்.

தன் மகள் நாவோவிடமும் சொல்லி வைத்திருந்தான்: "விளையாட்டு கேசட் வந்ததும் பாரு, அந்த மஞ்சள் பூ அப்பா போட்டது." அவளும் அதைப் பாலர் பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

"யோவ் குவாபரா! கேட்டியா, முதலாளி என்ன சொன்னாருன்னு?" பிரிவுத் தலைவர் நிஷிவாக்கி மூச்சிரைக்க ஓடி வந்தார். குனிந்து நின்றதில் கழுத்து டை காபிக் கோப்பையில் நனைந்திருந்தது.

"கேட்டேன் சார். பூ சும்மா நிக்குதான்னு கேட்டாரு."

"சும்மா நிக்குதான்னா என்ன அர்த்தம்? நீ சும்மா நிக்குறேன்னு அர்த்தம்! மார்ச் மாசம்யா இது. இடமாற்ற உத்தரவு அடிக்கிற மாசம். அசாஹிகாவா கிடங்குல ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். அங்க போய்ப் பனி அள்றியா?"

ஏப்ரலில் நாவோ ஒன்றாம் வகுப்பு சேர்கிறாள். சிவப்புப் புத்தகப்பை கூட வாங்கியாயிற்று. அவள் அதை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். முதல் நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவதற்குப் பதிலாக, அவன் வடகோடியில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதா?

"பூவை ஆட வெச்சிடலாம் சார். தவளை பக்கத்துல வந்தா லேசா தலையாட்டும்."

"ஆட வெக்கலாம், ஆட வெக்கலாம்," என்றாள் ஹருயோ, காய்ந்த கணவாய் மீனைக் கடித்தபடி. விளையாட்டை ஓடவைக்கும் கணக்கெல்லாம் எழுதுபவள் அவள்தான். "இடம் எங்க இருக்கு? கேசட்டுல கடுகளவு இடம் இல்ல. எதையாவது எடுத்தாத்தான் எதையாவது வெக்க முடியும்."

"எதை எடுக்கலாம்?"

"முள்ளங்கி ராஜா மீசையை எடுக்கலாம்."

ராஜா மீசையை இழந்தார். பூ தலையாட்டக் கற்றுக்கொண்டது.

மறுநாள் முதலாளி வந்தார். மூவரும் குனிந்தார்கள். யாரும் தொடாவிட்டால் விளையாட்டு தானாகவே ஓடிக் காட்டும். டிவியில் தவளை ஓடும் இசை கேட்டது. பூவைத் தாண்டும் இடமும் வந்தது. குவாபரா தரையைப் பார்த்தபடி வேண்டிக்கொண்டான்.

"ம்ஹூம். அசையவே இல்லையே," என்றார் முதலாளி. போய்விட்டார்.

"பத்தலை!" என்றார் நிஷிவாக்கி நிமிர்ந்ததும். "நீ ஆட்டுன ஆட்டம் அவரு கண்ணுக்கே தெரியலை. நல்லா ஆட்டு. கல்யாண வீட்டுல சித்தப்பா குடிச்சிட்டு ஆடுற மாதிரி ஆட்டு."

"அதுக்கு ராஜாவோட காலை எடுக்கணும்," என்றாள் ஹருயோ.

"எடு. முள்ளங்கிக்கு எதுக்கு காலு?"

இப்போது பூ இடுப்பை ஒடித்து, இலைகளைத் தூக்கி, சுழன்று சுழன்று ஆடியது. தவளை நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் நகர முடிந்தது. குவாபராவுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அடுத்த நாள் முதலாளி ஒன்றும் பேசவில்லை. குனிந்து நின்ற மூவருக்கும் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது.

டப், டப்.

இரண்டு முறை கைதட்டினார். சற்றுப் பொறுத்தார். பெருமூச்சு விட்டார். செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்.

"ரெண்டு தட்டு," என்றார் நிஷிவாக்கி, பேயறைந்தவர் போல. "கோயில் வாசல்ல சாமி கும்பிடத் தட்டுவோமே, அதே ரெண்டு தட்டு."

"பூவையா கும்பிட்டாரு?"

"கும்பிடுறதுக்குத் தகுதியா இருக்கணும்னு சொல்லிட்டுப் போறாருய்யா! இது சாதாரணப் பூ இல்ல. சாமிப் பூ. தவளை போய் வணங்கினா பூ அதுக்குக் கூடுதலா ஒரு உயிர் குடுக்கணும். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான், நமக்கெல்லாம் தோணுமா?"

ஹருயோ ராஜாவின் கையிரண்டையும் கிரீடத்தையும் பிடுங்கினாள். தவளை பூவின் முன் நின்று குனிந்து, இரண்டு முறை கைதட்டும்படி எழுதினாள். வணங்கினால் பதிலுக்கு வணங்காமல் இருப்பது மரியாதையில்லை அல்லவா? அதனால் பூவும் குனிந்தது. பூ குனிந்ததைப் பார்த்துத் தவளை சும்மா இருக்குமா? அதுவும் திரும்பக் குனிந்தது. பூ இன்னும் தாழக் குனிந்தது.

ஓட்டிப் பார்த்தபோது இரண்டும் குனிந்தன, நிமிர்ந்தன, குனிந்தன, நிமிர்ந்தன. நேரம் தீர்ந்து தவளை செத்தது.

"யாராவது ஒருத்தர் நிறுத்தணும்," என்றான் குவாபரா.

"யாரு நிறுத்துறது? யாரு பதவியில பெரியவங்க, பூவா தவளையா?" என்றார் நிஷிவாக்கி.

"சாமின்னா பூதான் பெரிசு."

"ஆனா தவளை விருந்தாளி. வந்தவனை முதல்ல நிமிரச் சொல்றதா?"

இதை மத்தியானம் முழுக்க விவாதித்தார்கள். முடிவு கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் விருந்தாளிகளை மாறி மாறிக் குனிந்து வழியனுப்பும்போதே கிடைக்காத முடிவு, தவளைக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்?

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். மூவரும் குனிந்தார்கள். திரையில் தவளையும் பூவும் குனிந்துகொண்டிருந்தன. ஆக மொத்தம் அறையில் குனிந்தவர்கள் ஐந்து பேர். 'டொக் டொக்' என்று எதையோ தட்டும் சத்தம்.

"உள்ள ஒண்ணும் இல்லையா?" என்றார் முதலாளி வருத்தமாக. அன்றைக்குச் சாக்ஸ் ஒரு கால் நீலம், ஒரு கால் பழுப்பு.

அவர் போன பிறகு நிஷிவாக்கி நாற்காலியில் சரிந்தார்.

"டிவியையே தட்டிக் கேட்டுட்டாருய்யா. 'உள்ள ஒண்ணும் இல்லையா'ன்னு. வெறும் ஆட்டம் பாட்டம்தான், உள்ள சரக்கு இல்லைங்கிறாரு. நாளைக்குச் சாயங்காலம் தொழிற்சாலைக்கு அனுப்பியாகணும். அவரு 'ம்'னு சொல்லலைன்னா இந்த விளையாட்டுக்கும் நமக்கும் சேர்த்துக் கும்பிடு போட வேண்டியதுதான்."

"பூவை எடுத்துடலாமா சார்?" என்றான் குவாபரா. நாவோ முதல் கட்டம் முழுக்கத் தேடுவாள். பூ இருக்காது. தேடிக் கொடுக்க அப்பாவும் இருக்கமாட்டான்.

ஹருயோ கணவாயைக் கீழே வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எடுக்க வேணாம், குவாபரா சான். உள்ள ஒண்ணும் இல்லைன்னா உள்ள வெச்சிடுவோம். குனிஞ்சிட்டே இருக்கிற தவளையைப் பூ லபக்குனு முழுங்கிடட்டும். வயித்துக்குள்ள ரகசிய அறை. வணக்கப் பிரச்சினையும் முடிஞ்சுது, உள்ளயும் சரக்கு வந்தாச்சு."

"இடம்?"

"ராஜா மொத்தமா போகணும்."

"ஐயோ! பெட்டி மேல ராஜா படம் அச்சடிச்சாச்சே!" என்று அலறினார் நிஷிவாக்கி.

குவாபரா மேசைக்குத் திரும்பினான். பிறகு கடைசிக் கட்டத்தில் ஒரு ஜாடியை வரைந்தான். அதற்குள் மஞ்சளாக, வளையம் வளையமாக, அசையாமல் முள்ளங்கி ராஜா. ஊறுகாய்க்கு மீசை, கை, கால், கிரீடம் எதுவும் வேண்டாம். சண்டையும் போடாது. தவளை ஓடி வந்து ஜாடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். சமையல்காரர்தானே!

"இது ஒண்ணுதான் இந்த விளையாட்டுலயே நம்புற மாதிரி இருக்கு," என்றாள் ஹருயோ.

மறுநாள் முதலாளி வந்தார். கூடவே அவருடைய கார் ஓட்டுநர் தோகுராவும் வந்திருந்தார் என்பது இன்னொரு ஜோடிக் காலால் தெரிந்தது. மூவரும் வழக்கத்தைவிடத் தாழக் குனிந்தார்கள். குவாபராவின் நெற்றி மேசை விளிம்பில் முட்டியது. திரையில் இசை ஓடியது. தவளை குனிந்தது. பூ முழுங்கியது. இடையில் ஏதோ 'கடக்' என்றது. டிவிதான் போய்விட்டதோ என்று குவாபராவுக்கு உயிர் போய் வந்தது.

டப், டப்.



"ஆடுது!" என்றார் முதலாளி. "அடேயப்பா! ஆடுது பாரு தோகுரா, ஆடுது!"

அந்தக் கால்கள் இரண்டும் தரையில் லேசாகக் குதித்ததைக் குவாபரா தன் கண்ணாலேயே பார்த்தான். முதலாளி இன்னும் இரண்டு முறை கைதட்டினார், வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குனிந்திருந்த அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இனி ஒரு கவலையும் இல்ல," என்றார். சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

நிமிர்ந்ததும் நிஷிவாக்கி குவாபராவைக் கட்டிக்கொண்டார். "கேட்டியாய்யா? கவலை இல்லைன்னுட்டாரு! அனுப்புடா தொழிற்சாலைக்கு! அசாஹிகாவாவுக்கு வேற எவனாவது போகட்டும்! எனக்கு அப்பவே தெரியும், பூவுலதான் விஷயம் இருக்குன்னு!" ஹருயோ ஆளுக்கொரு துண்டு கணவாயைக் கொடுத்தாள். அவள் யாருக்கும் கொடுத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

குவாபரா கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேசையில் முட்டியதால் வந்த தண்ணீர் என்று சொல்லிக்கொண்டான். சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு நாவோ முன்னால் ஓட, பின்னால் அவன் நடப்பது மனக்கண்ணில் தெரிந்தது. மஞ்சள் பூவைக் காட்டி, "இது எங்கப்பா!" என்று அவள் கத்துவதும் கேட்டது.

தோகுரா இன்னும் போகவில்லை. டிவிக்குப் பக்கத்தில் நின்று எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். குவாபராவுக்கு ஆசை அடங்கவில்லை. திருப்பிக் கேட்கக் கூடாது என்ற வழக்கம் முதலாளிக்குத்தானே? ஓட்டுநரிடம் கேட்டால் என்ன?

"தோகுரா சான், நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்களே. ஐயாவுக்கு எது ரொம்பப் பிடிச்சுது? பூ ஆடுறதா, சாமி கும்பிடுறதா, தவளையை முழுங்குறதா?"

தோகுரா துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தவளையா? கண்ணாடி இல்லாம ஐயாவுக்கு அந்த டிவியில ஒண்ணுமே தெரியாதுங்களே! மேல நிக்குதே பிளாஸ்டிக் பூ, அவரு வாலிபத்துல கண்டுபிடிச்சது, கைதட்டினா ஆடும். அதுக்கு பேட்டரி வாங்கிப் போடுன்னு வாரம் பூரா என்னைப் பிடுங்கி எடுத்துட்டாரு, இன்னிக்குத்தான் போட்டேன்."