புகையடிக்கிற அடுப்பும் கதவைத் திறக்காத தம்பியும்

பலூட்சா,
நவம்பர் 12, ஞாயிறு

அன்புள்ள தம்பி கில்டோவுக்கு, அக்கா ஓர்சோலா எழுதிக்கொள்வது. என் முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம். உன் நலத்தைக் கேட்கமாட்டேன். ஆறு வருடமாக நீயும் என்னைக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். நீ வந்து மாட்டிவிட்டுப் போன, மரத்தூள் வில்லை போட்டு எரிக்கிற பெல்லட் அடுப்பு புகையடிக்கிறது. நீ மாட்டியது ஆறு வருடத்துக்கு முன், செப்டம்பர் பதினான்கு, வியாழக்கிழமை, மழை. அன்றைக்குப் பிளம் பழம் வைத்து உருளைக்கிழங்கு உருண்டை பிடித்து வைத்திருந்தேன். நாலே நாலு தின்றுவிட்டு, "அம்மா பண்ணா இன்னும் மெத்துனு இருக்கும்"னு சொல்லிவிட்டு எழுந்து போனாய். அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. போகட்டும், புகைக்கு வருகிறேன். நேற்றைய மார்ட்டின் திருநாளுக்கு முன் அடுப்பைச் சுத்தம் செய்தேன், சாம்பலை வாரினேன், கண்ணாடியைத் துடைத்தேன், பின்பக்கக் குழாயில் பிரஷ் விட்டுக் குடைந்தேன், அடுப்புக் கதவோரத்தில் புகை கசியாமல் அடைக்கிற கயிறு கன்னங்கரேல் என்று இருந்ததா, அதையும் உருவிப் படுக்கை விரிப்போடு துவைத்துக் காயவைத்து மாட்டினேன். பற்றவைத்தால், அடுப்புக்குப் பின்னாலிருந்து குபுகுபுவென்று புகை! பக்கத்து வீட்டு செவெரினோ ஓடி வந்தார். "கயித்தைப் போயி துவைச்சீங்களாக்கா?" என்று ஒரே சிரிப்பு. "நீ மொதல்ல உன் சட்டையைத் துவை"ன்னேன். அவர் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார், காகிதம் அசையவில்லை. "கதவுல குத்தமில்ல, கூரையில புறா கூடு கட்டியிருக்கும்"னு ஏணி போட்டு ஏறினார், கூடும் இல்லை குஞ்சும் இல்லை. இறங்கி வந்து, காற்று சரியில்லையாம்! பேத்தி நிவ்ஸ் சொல்கிறாள், "பாட்டி, கில்டோ தாத்தாவுக்கு ஃபோன் பண்ணேன்." ஃபோன் என்றால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை எப்படி வைப்பாய்?

இன்னொன்று. ரொட்டி வண்டிக்காரி சொன்னாள்: "உங்க தம்பி வீட்டு ஜன்னல் ஒண்ணுகூடத் தொறக்கறதில்ல. ரொட்டியக் கதவுல மாட்டிட்டு வர்றேன், மறுநாளும் அப்படியே தொங்குது." உன்னைக் கட்டிக்கொண்ட மகராசி வில்மா போய் ஏழு மாதம் ஆகிறது. அடக்கத்தன்று நான் மாதா கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். உன் கையைப் பிடிக்கத்தான் வந்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன், கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் ரொட்டியைத் தொங்கவிடாதே தம்பி. வில்மா இருந்தால் விடுவாளா?

இந்த மலையில் அடுப்பு தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். உன் திமிருக்கும் என் பிடிவாதத்துக்கும் நடுவில் இந்த வீடு புகைந்து போகக் கூடாது. கடவுள் உனக்கு நல்ல மூச்சும், கொஞ்சம் அறிவும் தரட்டும்.

உன் அக்கா,
ஓர்சோலா

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. சாம்பல் வாளியைக் கொட்டும்போது உள்ளே ஒரு வட்ட மூடி கிடந்தது. குழாயின் அடிவாயை அடைக்கிற மூடி; சுத்தம் செய்யக் கழற்றிய நான்தான் திரும்ப மாட்டவில்லை. மாட்டினேன். ஒரு துளிப் புகை இல்லை. அப்புறம்தான் யோசித்தேன், புகை இல்லாவிட்டால் நீ எதற்கு வருவாய்? அடுப்பை அணைத்துவிட்டேன். மூடியை மறுபடி கழற்றி என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் வாடா, குளிருது.