நீங்களும் வந்துடுங்களேன், சம்பந்தி

"அதுக்கென்ன சம்பந்தி, வந்துட்டாப் போச்சு! வந்துட்டாப் போச்சு! வந்துட்டாப் போச்சு!"

சம்பந்தியின் குரலுக்குப் பயந்து போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடித்திருந்தார். அப்படியும் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு மூன்று 'போச்சு'ம் முழுசாகக் கேட்டது.

"என்ன சொல்லித் தொலைச்சீங்க அவர்கிட்ட?"

"ரிட்டயரானதும் மலைப்பக்கம் குடிபோறோம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"நீங்களும் வந்துடுங்களேன்னு… ஒரு மரியாதைக்குத்தான்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மனிதர் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருஷம் புகார் கேட்கும் மேஜையில் இருந்தவர்; அதனால் பேரே 'புகார்க்காரர்' என்றாகிவிட்டது. காலையில் போனை எடுத்தால் தண்ணீர் வரவில்லை என்பார்கள், சாயங்காலம் எடுத்தால் தண்ணீர் நிற்கவில்லை என்பார்கள். ஓய்வு பெற இன்னும் ஒரு மாதம். அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். யாரும் பேசாத ஓர் ஊரில், வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, மனைவியும் அவரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

சம்பந்தியோ ஏலம் விட்டுப் பிழைத்தவர். தொழிலுக்குத்தான் ஓய்வு கொடுத்தாரே தவிர நாக்குக்குக் கொடுக்கவில்லை. எதையும் மூன்று தரம் சொல்வார். வந்தால் நாலு நாள் தங்குவார். அந்த நாலு நாளும் புகார்க்காரர் சோபாவில் உட்கார்ந்து "ம்" கொட்டுவார், நடுநடுவே பழக்கதோஷத்தில் "எத்தனை நாளா இப்படி?" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

"பேசாம வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சம்பந்திகிட்டயா? அப்புறம் மருமக மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அவரா வேண்டாம்னு சொல்லணும். அதுக்கு நான் வழி பண்றேன்."

மறுநாளே வழி பண்ணினார்.

"சம்பந்தி, மலையில குளிரு ஜாஸ்தியாம். உங்க முழங்காலுக்கு ஆகாதேன்னு பாக்கறேன். நாங்களும் கடலோரமா போயிடலாம்னு இருக்கோம். ஆனா அங்க உப்புக்காத்து. உங்க இரும்பு பீரோ ஒரே வருஷத்துல துருப்பிடிச்சுடும்."

"பீரோதானே? வித்துட்டாப் போச்சு!" மூன்று தரம்.

சொன்னதோடு நிற்கவில்லை. அன்று மாலையே வாசலில் நாலு பேரைக் கூட்டி பீரோவை ஏலம் விட்டுவிட்டார். நல்ல விலையாம்.

"போச்சுடா!" என்றார் புகார்க்காரர். "நம்மளால அந்த மனுஷன் பீரோவையே வித்துட்டாரு. இனி எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க, வீட்டையும் வித்துடுவாரு" என்றாள் மனைவி.

அடுத்து தண்ணீரே இல்லாத ஓர் ஊரைத் தேடிப்பிடித்தார். வாரத்துக்கு ஒரு லாரி, அதுவும் வந்தால்தான் நிச்சயம்.

"தண்ணிக் கஷ்டமா? நீங்க பக்கத்துல இருக்கும்போது எனக்கென்ன கவலை? முப்பத்துமூணு வருஷ அனுபவமாச்சே!" என்றார் சம்பந்தி. "ஆனா ஒண்ணு சம்பந்தி. அதுக்கு மலையே தேவலை. விசாரிச்சுட்டேன். அங்க ஒட்டினாப்பல ரெண்டு வீடு காலியா இருக்கு. நடுவுல ஒத்தைச் சுவரு. நீங்க தும்மினா நான் கேப்பேன். நான் கேப்பேன். நான்… கேப்பேன்."

மூன்றாவது 'கேப்பேன்' கொஞ்சம் தொய்ந்துதான் வந்தது. புகார்க்காரருக்கு இருந்த கலக்கத்தில் அதைக் கவனிக்கத் தோன்றவில்லை. போனை வைத்தவர் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"ஒத்தைச் சுவராம்" என்றார்.

மனைவிக்கே பாவமாகிவிட்டது. மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நாம எந்த ஊருக்குப் போனாலும் அவரு வருவாரு. சரி. அவரு எந்த ஊரை விட்டுக் கெளம்புறாரோ, அந்த ஊருக்கே நாம போயிட்டா?"

புகார்க்காரர் மெல்ல நிமிர்ந்தார்.

"இத்தனை வருஷமா இந்த மூளையை எங்கடி வெச்சிருந்தே?"

"நீங்க ஊரார் புகாரைத்தானே கேட்டீங்க? என்கிட்ட எப்பக் கேட்டீங்க?"

சம்பந்தி ஊரில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே, தரகர் மூலம் போனிலேயே ஒரு வீடு முடிவானது. பிறகு சம்பந்தியைக் கூப்பிட்டார்.

"மலையே முடிவு சம்பந்தி. நீங்க முதல்ல போய் இறங்குங்க. நாங்க பின்னாடியே வந்துடறோம்."

"சேச்சே, நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. நீங்கதான் முன்னாடி போகணும்!"

"இல்லல்ல, நீங்க போங்க."

"அட, நீங்க போங்கன்னா!"

கால் மணி நேரம் இழுபறி. கடைசியில், ரிட்டயரானதும் வரும் முதல் வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு குடும்பமும் அவரவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது என்று ஒப்பந்தம் ஆனது.

அந்த வெள்ளிக்கிழமை, கீழே சமீபத்தில்தான் கடை போட்டிருந்த தையல்காரரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"மலைக்குப் போறீங்க, ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டீங்களா சார்?"

"ம்" என்றார் புகார்க்காரர். வேறு என்ன சொல்வது?

"நிம்மதியா போயிட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கறேன். எதிர்வீடும் மூணு மாசமா காலி. தெருவே வெறிச்சுனு ஆகப்போவுது."

சம்பந்தி ஊரில் இறங்கியதும் சாமான்களை மனைவி பொறுப்பில் விட்டுவிட்டு நேராகச் சம்பந்தி வீட்டுக்குத்தான் நடந்தார். வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. இழுத்துப் பார்த்தார். மனசு ஆறவில்லை. மறுபடி இழுத்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் இழுத்தார். பூட்டு அசையவில்லை.

"அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

மாலையில் புது வீட்டு வாசலில் இரண்டு நாற்காலிகள் போட்டாயிற்று. ஒரு மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. முப்பத்துமூன்று வருஷத்தில் அப்படி ஒரு மணி நேரத்தை அவர் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே உறுத்தவும் செய்தது.

"பாவம்டி. அங்க குளிர்ல நமக்காகக் காத்துக்கிட்டிருப்பாரு. நாம பண்ணது பாவம்."

"அப்ப போன் பண்ணி உண்மையைச் சொல்லிடுங்க."

"சொல்லத்தான் வேணும். நாளைக்குச் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போனார். பார்த்தால் தையல்காரர்.

"சார், நல்லபடியா போய்ச் சேந்தீங்களா? ஒண்ணுமில்ல, எதிர்வீட்டுக்கு இன்னிக்கே ஆள் வந்தாச்சு. புருஷன் பொஞ்சாதி ரெண்டே பேரு. சாமானெல்லாம் நிறைய இருக்கு, பீரோ மட்டும் இல்ல."

"ம்."

"ஆனா ஆளு ஒரு மாதிரி சார். லாரியை நிறுத்தினதும் நேரா உங்க வாசலுக்கு வந்து, 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்'னு சத்தமா எண்ணிக்கிட்டே உங்க பூட்டை இழுத்துப் பாத்துட்டு, 'அப்பாடா'ன்னாரு சார்!"