கொல்லிமலைக்காக அணைத்த விளக்கு

நாமக்கல்
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு மாமனார் சின்னண்ணன் எழுதுவது. புனேயில் நீங்களும் பிரியாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். கோழிகளைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்று மரியாதையாகக் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

நீங்கள் என் பொறுப்பில் விட்டுப்போன பண்ணையில், இரண்டாம் கொட்டகையில் முட்டை குறைந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு கோழி இட்ட இடத்தில் இன்று எழுபதுகூட இடவில்லை, சில கோழிகள் இறகையும் உதிர்க்கின்றன. தீவனத்தில் குறையில்லை, தண்ணீரில் குறையில்லை, நோயும் இல்லை. குறை நான்தான்.

உங்கள் அத்தை சௌந்திரம் போன பிறகு, காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் பத்து மணி வரை சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவனுக்கு பிரியா கேமரா வாங்கிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன் என்பதால், அடிவானத்தைப் படத்தின் நடுவில் வைக்காதே, மூன்றில் ஒரு பங்கில் வை, மரத்தை ஓரமாக நிறுத்து என்பதெல்லாம் எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது. வெளிச்சம்தான் பிடிபடவில்லை. சேலத்தில் எங்கள் ஓய்வு பெற்றோர் புகைப்படக் குழுவில் கதிர்வேல் என்று ஒருவர், கூட்டுறவு வங்கியில் இருந்தவர், கடன் மனுவைத் திருப்பி அனுப்பிய அதே கையால் என் படங்களையும் திருப்பி அனுப்புவார். உச்சி வெயிலில் எடுத்ததைத் தட்டையாக இருக்கிறது என்றார். சாயங்காலம் எடுத்ததில் பனைமரத்தின் உச்சியில் மின்கம்பம் முளைத்திருக்கிறது என்றார். சூரியன் வருமுன் மலை நீலமாக இருக்கும், அப்போது எடுங்கள், இல்லாவிட்டால் எடுக்கவே வேண்டாம் என்று கடைசியாக முடித்துவிட்டார்.

உங்கள் பண்ணைக்குக் கிழக்கே சோளம் அறுத்த காடு, அதில் ஒற்றைப் பனை, பின்னால் கொல்லிமலை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் கொட்டகை பல்பு வெளிச்சம் பனையின் மேல் விழுந்து, மலை நீலமாகவும் மரம் மஞ்சள் காமாலை வந்தது போலவும் இருந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக, டைமரில் தானே எரிந்து தானே அணையும் அந்த விளக்கில் கை வைக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதையும் மறந்து, நாலரை மணிக்கு சுவிட்சை அணைத்தேன். விடிந்ததும் போட்டுவிட்டேன். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. மறுநாள் மூடுபனி, அதற்கடுத்த நாள் கேமரா ஸ்டாண்டின் கால் ஈர மண்ணில் இறங்கி மலையே சாய்ந்துவிட்டது, இன்னொரு நாள் லென்ஸில் கோழி இறகு. இப்படியே பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. அத்தனை நாளும் கோழிகள் இருட்டில் விழித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கின்றன, பாவம்.

வேலையாள் செந்தமிழன் ஆறரைக்குத்தான் வருவான் என்பதால் அவனுக்கு இது தெரியாது. தீவனத்தை மாற்றிப் பார்த்தான், தண்ணீர்க் குழாயைக் கழுவினான், கடைசியில் கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தான். அவர் கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, காலைல லைட்டு ஒழுங்கா எரியுதுங்களா? கொறஞ்சா பொழுது சுருங்கிப்போச்சுன்னு நெனச்சு கோழி முட்டைய நிறுத்திப்போடுமுங்க."

"எரியுதுங்க" என்றேன். அறுபத்தாறு வயதில், நெற்றியில் திருநீறோடு நின்று பொய் சொன்னேன். டாக்டர் பழியைத் தீவனத்தின் மேல் போட்டுவிட்டுப் போனார், தீவனக்காரரைச் செந்தமிழன் அரை மணி நேரம் திட்டினான், நான் பக்கத்திலேயே நின்று தலையாட்டினேன். என்னை நம்பி நீங்கள் விட்டுப்போனது இது ஒன்றைத்தான், அதையும் கெடுத்துவிட்டேன். நீங்கள் முகம் சுளிக்க மாட்டீர்கள், அதுதான் எனக்குப் பயம். மரியாதை குறையாமல் பேசிவிட்டு, இனிமேல் எந்தப் பொறுப்பும் கொடுக்காமல் விட்டுவிடுவீர்கள். கேமராவைச் செந்தமிழனிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் வந்ததும் என் திருச்செங்கோட்டு வீட்டுக்கே போய்விடுகிறேன்.

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் அருளால் உங்கள் தொழில் மீண்டும் தழைக்கட்டும். பிரியாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
சின்னண்ணன்

பி.கு.: கவரை ஒட்டிய பிறகு பிரியா போன் செய்தாள், பிரித்து எழுதுகிறேன். கொட்டகை ஓரத்தில் நீங்கள் ஒரு கேமரா மாட்டியிருப்பதும், அது புனேயில் உங்கள் செல்போனில் தெரிவதும் எனக்கு இன்றுதான் தெரியும். முதல் நாளே நான் விளக்கை அணைத்ததைப் பார்த்துவிட்டீர்களாம். பிரியா என்னைக் கூப்பிட்டுச் சொல்லப் போனபோது நீங்கள்தான் தடுத்தீர்களாம். "முட்ட வரும் போகும், மாமா எந்திரிக்கட்டும்னு சொல்லிட்டாருங்கப்பா. தெனமும் நாலரைக்கு அலாரம் வெச்சு, நீங்க எந்திரிச்சு வந்துட்டீங்களான்னு பாத்துட்டுத்தான் திரும்பப் படுக்கறாரு" என்றாள். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். செந்தமிழனிடமிருந்து கேமராவைத் திரும்ப வாங்கிவிட்டேன். இனி விளக்கைத் தொட மாட்டேன், ஆனால் நாலரைக்கு வந்து நிற்பேன். உங்களைப் பார்த்துக் கை காட்ட வேண்டும், உங்கள் கேமராவை எந்த மூலையில் மாட்டியிருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.