சிக்னல் கம்பத்தை மனுஷன்னு சொன்னவன்

மதிப்பிற்குரிய வேலுசாமி மாமா அவர்களுக்கு, எரியோட்டிலிருந்து சுருளிவேல். இங்கு அம்மா நலம், நானும் நலம், இன்வெர்ட்டர் மட்டும் நலமில்லை.

வேலைதான் மாமா, வேலையேதான்! காதுகுத்துல அம்புட்டுப் பேர் முன்னாடி "காலேஜையும் விட்டுட்டான், போனை நோண்டுறதெல்லாம் ஒரு வேலையாடா?"ன்னீங்களே, போன்ல சொன்னா பாதியில வெச்சிருவீங்கன்னுதான் கடுதாசி. வெளிநாட்டுக்காரன் ரோட்டுப் படமா அனுப்புவான், கார் எது மனுஷன் எதுன்னு நான் கட்டம் போட்டுக் காட்டணும், அதைப் பாத்துத்தான் டிரைவர் இல்லாத கார் ஓடப் பழகுது. ஆனா இந்த வேலை குடுக்குற ஒரு வெப்சைட்ல வாங்குன பேரு அடுத்த சைட்ல செல்லாது மாமா! முதல் சைட்ல நான் அஞ்சு ஸ்டார். அதை இழுத்து மூடிட்டான். அடுத்ததுக்குப் போனா, "வருக புதியவரே, இதில் பூனை எது?"ங்குறான். ஒட்டன்சத்திரத்துல இம்புட்டு வருசமா மண்டி நடத்துற உங்களைப் பழனியில நிப்பாட்டி, "வெங்காயம் எது, தொட்டுக் காட்டுங்க"ன்னா எப்படி இருக்கும்?

இப்பத்தான் விடிவு! எல்லா சைட்டு வேலையையும் சேத்து ஒரே சான்றிதழா குடுக்க ஒரு புது அமைப்பு கிளம்பியிருக்கு. என் பழைய வேலையில கொஞ்சத்தை எடுத்து, பேரை மறைச்சு, ஏதோ ஒரு சைட்ல எவனோ ஒரு வேலைக்காரன்கிட்ட விட்டுச் சோதிப்பாங்களாம். அவன் சரின்னா சான்றிதழ். அதைக் காட்டுனா நேரா சூப்பர்வைசர்! "ஆடி முடியுறதுக்குள்ள சான்றிதழ் காட்டு, இல்லைன்னா மண்டியில மூட்டை தூக்க வா"ன்னீங்கள்ல, ஃப்ரேம் வாங்கி வைங்க.

அதுவரைக்கும் சும்மா இருப்பேனா? இன்னொரு சைட்ல, அடுத்தவன் வேலையைச் சோதிக்கிற வேலை எனக்கே வந்துச்சு. ஒரு மடப்பய, பனி கொட்டுற ரோட்டுல நிக்கிற சிக்னல் கம்பத்துக்குக் கட்டம் போட்டு "மனுஷன்"னு எழுதியிருக்கான் மாமா! பக்கத்துல இருந்த கூட்டாளி தப்ரேஸ், "ஏலே, பாவம்டா, பாஸ் போட்டு விடு"ங்குறான். விடுவேனா? "இவரைக் கண் டாக்டரிடம் காட்டவும். கன்றுக்குட்டியைக்கூட இவரை நம்பி விடாதீர்கள்"னு எழுதித் தள்ளுபடி பண்ணிட்டேன். இவனுகளாலதான் எங்க தொழிலுக்கே மரியாதை இல்ல!

அத்தை கால்ல நான் விழுந்ததாச் சொல்லுங்க. தக்காளி வண்டி ஹாரன் அடிக்குது, இதை அதுல குடுத்துவிடணும், போறேன்.

பின்குறிப்பு: வண்டிக்காரரு டீ குடிக்கப் போன செத்த நேரத்துல ரிசல்ட் வந்துருச்சு. சான்றிதழ் இல்லையாம். காரணமும் போட்டிருக்கான்: "இவரைக் கண் டாக்டரிடம் காட்டவும். கன்றுக்குட்டியைக்கூட இவரை நம்பி விடாதீர்கள்."

மாமா, மண்டி காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க?