ஒற்றை அடுப்பு வேண்டாம், அண்ணி

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுத்தானே ஃபோனில் பேசினோம், இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நேற்று நீங்கள் இருபத்தைந்து நிமிடம் பேசினீர்கள். நான் "சரிங்க அண்ணி" என்று ஒன்பது முறை சொன்னேன். அந்த ஒன்பதையும் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். எதிரில் ஆள் இருந்தால் எனக்கு வாய் வராது. காகிதம் குறுக்கே பேசாது.

கல்யாணம் பேச வந்தபோது, "என் தம்பி எதைப் போட்டாலும் மறுபேச்சு இல்லாமச் சாப்பிடுவாம்மா, உனக்குக் கஷ்டமே இருக்காது" என்றீர்கள். அது பொய்யில்லை. நான் சமைத்துப் போட்ட முதல் சாப்பாட்டை மறுபேச்சு இல்லாமல்தான் சாப்பிட்டார். அதில் வேர்க்கடலை அரைத்து ஊற்றியிருந்தேன். கால் மணி நேரத்தில் மறுபேச்சு பேச முடியாத அளவுக்கு உதடு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டதும் நர்ஸ், கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர், வாசலில் நின்ற காவலாளி எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். உங்களை யாரும் பார்க்கவில்லை. நீங்கள் ஊரில் இருந்தீர்கள்.

டாக்டரம்மா சோதனை செய்து, ஆகாதவை நான்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வேர்க்கடலை, கோதுமை, பால், முட்டை. எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் புட்டிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டும் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். நான் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். அந்த நான்கையும் பெரிய தாளில் கோடு போட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதன் பிறகுதான் உங்கள் ஃபோன்கள் வர ஆரம்பித்தன. "தக்காளி குடுக்காதம்மா அவனுக்கு." சரிங்க அண்ணி. எழுதினேன். "பூசணி வேண்டாம்." எழுதினேன். முள்ளங்கி, எலுமிச்சை, கத்திரிக்காய் என்று வாரத்துக்கு ஒன்றாகப் பட்டியல் பதினாலில் வந்து நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். உங்கள் தம்பியும் கேட்கவில்லை. என் கையெழுத்தைப் பார்த்து, பதினாலும் டாக்டர் சொன்னது என்று நினைத்துவிட்டார்.

அவருக்கு ஆகாததை நானும் சாப்பிடுவதில்லை. பத்து மாதமாக நான் குடிப்பது பால் இல்லாத டீ. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அப்பா மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் அவர் வந்தபோது அவர் சாப்பிடுவார், அம்மா எப்போது சாப்பிட்டாள் என்று ஒருவருக்கும் தெரியாது. கல்லூரி விடுதிக்குப் போனபிறகுதான் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சோற்றை ஒரே நேரத்தில் சாப்பிடலாம் என்பதே எனக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் தம்பியிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். ஒரு சட்டி, ரெண்டு தட்டு, ஒரே நேரம். அவரும் சரி என்றார். ஆனால் லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, சோதனை ஓட்டம் பார்க்காமல் எதையும் விடமாட்டார். எதைச் சமைத்தாலும் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, உதட்டைத் தொட்டபடி வாட்சைப் பார்த்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். ஒரே நேரம் என்று கேட்டது நான்தானே, நானும் உட்கார்ந்திருப்பேன். பத்து மாதமாக நான் சூடாக எதையும் சாப்பிடவில்லை அண்ணி.

போன வியாழக்கிழமை மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். என் பட்டியலைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தத் தக்காளியெல்லாம் யார் சேர்த்தது?"

"உங்க லிஸ்ட்தான் டாக்டர்" என்றார் உங்கள் தம்பி.

"என் லிஸ்ட்ல நாலுதான் இருந்துச்சு."

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "அண்ணி சொன்னாங்க" என்று முனகினேன். வெளியே வந்து, லிஃப்ட் இருந்தும் உங்கள் தம்பி ஐந்து மாடியையும் படியில் இறங்கினார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான். மூன்றாவது மாடியில் நின்று, "பத்து மாசம் தக்காளி இல்லாம இருந்திருக்கேன்" என்றார். "ஏன்னு நீ அக்காவைக் கேட்டிருக்கலாம்ல?" நான், "நீங்க என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றேன். "நீ எழுதி ஒட்டியிருந்த. அதுவும் கோடு போட்டு" என்றார்.

நேற்று உங்களிடம் காரணம் கேட்டார். நீங்கள் ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, என்னிடம் சொன்னீர்கள். ஆறு வயதில் தக்காளிச் சோறு சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் வாந்தி எடுத்தாராம். பூசணி சாப்பிட்ட வருஷம் கணக்கில் பெயிலானாராம். முள்ளங்கி வாசனை ஆகாதது அண்ணனுக்காம், என் வீட்டுக்காரருக்கே இல்லையாம். கத்திரிக்காய் உங்களுக்கு உயிராம், "உனக்கு ஆகாதுடா" என்று சொல்லித் தம்பி தட்டில் இருந்ததை எடுத்துச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அதுவே உண்மையாகிவிட்டதாம். இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கடைசியில், "படிச்ச பொண்ணுதானே, நீயாவது சரிபாத்திருக்க வேணாமா?" என்றீர்கள். அந்த இடத்தில் நான் சொன்னது ஏழாவது சரிங்க அண்ணி. பிறகு, "ஞாயித்துக்கிழமை நான் ஒரு ஒற்றை அடுப்பு கொண்டு வர்றேன். அவனுக்குத் தனிச் சட்டி, தனிச் சமையல். நீ உனக்குப் பிடிச்சதை உன் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கோ" என்றீர்கள். எட்டு, ஒன்பது.

அண்ணி, எங்கள் வீட்டில் தனிச் சட்டி கிடையாது. நான் படித்ததும் வேலைக்குப் போவதும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு இல்லை. பத்தையும் அடித்துவிட்டேன். பட்டியலில் மறுபடி நான்குதான். அதைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இனி ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் டாக்டரம்மா கையெழுத்துப் போடட்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள். அடுப்பைக் கொண்டுவராதீர்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு முத்தங்கள். தவறாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும், சரியாக எழுதியிருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
தம்பி மனைவி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. உங்கள் மேல் இருந்த கோபத்தில் இன்று கத்திரிக்காய் வதக்கினேன். உங்கள் தம்பி ஒரு ஸ்பூன் சாப்பிட்டார், பத்து நிமிடம் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. இருவரும் சாப்பிட ஆரம்பித்தோம். "நல்லா வந்திருக்கு, வாய் எப்படி அரிக்குது பாருங்க" என்றேன். "அரிக்குதா? கத்திரிக்காய் அரிக்காதே" என்றார். "எல்லாருக்கும் அரிக்கும்ங்க, அதுதான் அதோட ருசி" என்றேன். சொல்லும்போதே, இருபத்து நாலு வருஷத்தில் இதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் என் தட்டை எடுத்து அப்பால் வைத்தார். என் உதட்டையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். "நீங்க சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றேன். "ஒரே நேரம்னு சொன்னது நீதானே" என்றார்.

இப்போது உதட்டில் ஒரு பக்கம் லேசாக வீக்கம். டாக்டரம்மாவிடம் கிளம்பிக்கொண்டிருக்கிறோம், கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை. பட்டியலில் ஐந்தாவதாகக் கத்திரிக்காயை அவரே எழுதிவிட்டார், பக்கத்தில் 'நமக்கு ஆகாது' என்று. கோடு கூடப் போடவில்லை, எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. ஆகவே கத்திரிக்காய் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, ஆள்தான் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது மறக்காமல் அந்த ஒற்றை அடுப்பைக் கொண்டுவாருங்கள். உங்கள் கத்திரிக்காயை அதில் தனியாகச் செய்து தருகிறேன்.